துணைவர் என்றனர், தூண்களை!

ஆகஸ்டுத் திங்கள் முடியும் தறுவாயில் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் புதிய கல்வியாண்டு பிறக்கிறது. எழுத்துக்கலையும் சொல்லாற்றலும் பயிற்றும் துறைகளிலே, அந்நாட்களில் ஓர் அறிவிப்பு வெளிவருவதுண்டு. இவ்வாண்டு நம்மோடு பணியாற்ற வந்துள்ள முதுநிலை மாணவ உதவியாசிரியர்கள் இன்னின்னார். இவர் இன்ன ஊரினர். இவர் ஆராய்வது இன்ன பொருள். இவர் நடத்தப்போவது இன்ன வகுப்பு என்று, படத்துடனும் பெயருடனும் அறிமுகம் செய்துவைக்கின்றனர்.

நல்ல வழக்கந்தான். வரவேற்கிறோம். ஆனால் நாலைந்து வரிகளில் முடிந்துவிடும் அந்த அறிமுகத்தின் பின்னே, நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று நிற்கிறது. உழைத்தவர் பெயர் மறைந்த வரலாறு. படிப்பிலேயே மேல் என்றும் கீழ் என்றும் பிரிவினை புகுந்த வரலாறு. அதனை அறியாமல் அந்தப் பெயர்களைப் படிப்பது, அடித்தளத்தைப் பாராமல் மாளிகையைப் புகழ்வது போலாகும்.

யார் இந்த உதவியாசிரியர்? முதற்பட்டம் பெற்றவர், மேற்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர். ஒரு மணி வேளையில் பேராசிரியர் முன் மாணவராக அமர்வார். அடுத்த மணி வேளையில் இருபது இளைஞர் முன் ஆசிரியராக நிற்பார். படிப்புக் கட்டணம் அவருக்கு நீக்கப்படும். சிறு உதவித்தொகை கிடைக்கும். அதற்கு ஈடாக, முதலாண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளிப்பார். எழுதி வந்ததைப் படிப்பார், திருத்துவார், மீண்டும் எழுதச் செய்வார். கிழமைக்கு இருபது மணி நேர வேலை என்பது வழக்கமான கணக்கு. கட்டுரைகளின் குவியலோ கடிகாரத்தைக் கேட்டு உயர்வதில்லை!

இந்த நிலை எப்படி வந்தது?

சொல்லாற்றற் கலை ஏழையின் வீட்டில் பிறந்த கலையன்று. ஏதென்சு நகரத்து அவைகளிலும் வழக்கு மன்றங்களிலும் வளர்ந்தது அது. அரிஸ்டாட்டில் அதற்கு இலக்கணம் வகுத்தார். ரோமாபுரியில் வெஸ்பாசியன் ஆட்சியிலே, அக்கலையின் ஆசான் குவின்டிலியனுக்கு அரசே ஊதியம் தந்தது. ஆண்டவர்களும் ஆள இருந்தவர்களும் பயின்ற கலை. அடிமைகளின் தோளில் ஏறி நின்று பேசிய கலை.

அமெரிக்காவிலும் தொடக்கம் அவ்வாறே இருந்தது. 1636ஆம் ஆண்டில் தோன்றிய ஹார்வர்டு கல்லூரியில், நிக்கலஸ் பாயில்ஸ்டன் என்ற வணிகர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு சொல்லாற்றல் பேராசிரியர் பதவி ஒன்று அமைந்தது. 1806ஆம் ஆண்டில் முதன்முதலாக அப்பதவியில் அமர்ந்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். பின்னாளில், 1825இல், அமெரிக்கக் குடியரசின் தலைவரானவர் அவர். அன்று சொல்லாற்றல் கற்பிப்பது அத்துணை உயர்ந்த இருக்கை!

அந்த உயர்வு யாருக்கு உரியதாயிருந்தது? பெண்ணுக்கு அன்று. ஓபர்லின் கல்லூரி 1837இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது, முற்போக்கான செயல். அங்கே படித்து 1847இல் பட்டம் பெற்றவர் லூசி ஸ்டோன். பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டுரை எழுதலாம், ஆனால் அதனை அவையிலே படிப்பவர் ஆடவராக இருக்கவேண்டும் என்றனர். என் சொல்லைப் பிறர் வாயில் வைப்பதா என்று வெகுண்டார் அவர். கட்டுரை எழுதவே மறுத்துவிட்டார். எழுதும் கை இருக்கலாம், பேசும் வாய் கூடாது என்ற அந்த ஏற்பாட்டைப் பழமை என்பதா, பேதைமை என்பதா?

காலம் மாறிற்று. தொழில் வளர்ந்தது, கடிதமும் அறிக்கையும் ஏடும் பெருகின. மேடைப் பேச்சு இருந்த இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. 1862ஆம் ஆண்டில் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் வழங்கி, அதன் விலையில் உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழ வழிசெய்தது. அந்த நிலம் மண்ணின் மைந்தரான பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். எனினும் அந்தக் கல்லூரிகளின் வாயிலில், உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளும் வந்து நின்றனர். வந்தவர் எழுதினர். எழுதியதைத் திருத்த ஆள் வேண்டியிருந்தது.

இங்கேதான் தொடங்குகிறது நாம் சொல்ல வந்த கதை.

ஹார்வர்டில் பாயில்ஸ்டன் இருக்கையில் 1851 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு. பழைய நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த பெரும் புலவர். மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது அவருக்கு வேம்பாய்க் கசந்தது. 1876ஆம் ஆண்டில், புதிதாகத் தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் அவரை அழைத்தது. அவரை இழக்க மனமில்லாத ஹார்வர்டு அளித்த பரிசு என்ன தெரியுமோ? இனி நீர் கட்டுரை திருத்த வேண்டாம் என்ற விடுதலை! ஹார்வர்டின் முதல் ஆங்கிலப் பேராசிரியர் என்ற பட்டமும் உடன் வந்தது.

இந்த நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். இலக்கியம் படிப்பது உயர்ந்தோர் வேலை; இளைஞருக்கு எழுதக் கற்றுத் தருவது தாழ்ந்தோர் வேலை. பெருமை பெற்றதன் அடையாளமே, கட்டுரைக் கட்டைக் கையால் தொடாதிருப்பது! தீண்டத்தக்க வேலை, தீண்டத்தகாத வேலை என்ற பாகுபாட்டைப் பிறந்த நாள் தொட்டுப் பார்த்து வரும் நமக்கு, இந்த நோயின் பெயரை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே காலத்தில் மறுபுறம் என்ன நடந்தது? 1874 முதல் ஹார்வர்டில் சேர விரும்புவோர் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு எழுத வேண்டும் என்றாயிற்று. பத்திரிகையாளராயிருந்து பேராசிரியரான ஆடம்ஸ் ஷெர்மன் ஹில், 1885இல் கட்டுரைப் பயிற்சியை முதலாண்டுப் பாடமாக்கினார். நாடெங்கும் பிற கல்லூரிகள் அவ்வழி நடந்தன. வேலை பெருகிற்று, மதிப்பு சுருங்கிற்று. பெருகிய வேலையையும் சுருங்கிய மதிப்பையும் சேர்த்துச் சுமக்க, இளைய ஆசிரியர்களும் பெண்களும் முதுநிலை மாணவர்களும் அழைக்கப்பட்டனர். உதவியாளர் என்று பெயரும் சூட்டப்பட்டது.

எல்லாப் பேராசிரியரும் இதனைக் கண்டு வாளாவிருந்தனர் என்று சொல்வது நேர்மையாகாது. மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பிரெட் நியூட்டன் ஸ்காட் என்பவர், சொல்லாற்றல் ஏவல் வேலையன்று, ஆய்வுக்குரிய துறை என்று வாதாடினார். 1903ஆம் ஆண்டில் அங்கே சொல்லாற்றலுக்கெனத் தனித்துறை அமைந்தது. அவரிடம் பயின்று 1898இல் ஆய்வுப் பட்டம் பெற்ற கெர்ட்ரூடு பக் என்ற அம்மையார், வாசர் கல்லூரியில் பெண்களுக்கு விவாதமும் எழுத்தும் கற்பித்தார். லூசி ஸ்டோனின் வாயை அடைத்து அரை நூற்றாண்டு ஆன பின், ஒரு பெண் சொல்லாற்றலில் ஆய்வறிஞர்! ஆயினும் ஸ்காட் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்தத் தனித்துறை மீண்டும் ஆங்கிலத் துறைக்குள் கரைந்து போயிற்று.

1911இல் ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவை தோன்றியபோது, அதன் முதல் தலைவர் இதே ஸ்காட். அடுத்த ஆண்டு சனவரியில் வெளிவந்த அதன் ஏட்டின் முதல் இதழில், கான்சாசைச் சேர்ந்த எட்வின் ஹாப்கின்ஸ் ஒரு வினா எழுப்பினார். இன்றுள்ள சூழ்நிலையில் கட்டுரைப் பயிற்சியை நன்கு அளித்தல் இயலுமா என்பது வினா. இயலாது என்பது, முதல் வரியிலேயே அவர் அளித்த விடை! ஓர் ஆசிரியர் தலையில் இத்தனை மாணவர், இத்தனை தாள் என்றால், கண் கெடும், உடல் கெடும், கற்பித்தலும் கெடும் என்பது அவர் வாதம். விடை கிடைத்தது, விடிவு கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் மற்றொரு வெள்ளம் புகுந்தது. போர்வீரர் மறுவாழ்வுக்காக 1944இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தின் துணையால், ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் வந்தனர். துப்பாக்கி பிடித்த கை பேனா பிடித்தது. அந்தப் பேனாவுக்கு வழிகாட்ட மீண்டும் அழைக்கப்பட்டவர்களில் பெருந்தொகையினர் முதுநிலை மாணவர்களே. 1949இல் கல்லூரிக் கட்டுரைப் பயிற்சி ஆசிரியர்களுக்கெனத் தனி மாநாட்டு அமைப்பும் எழுந்தது.

பின்னர் 1969இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் கறுப்பின மாணவரும் புவெர்ட்டோ ரிக்க மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டு, உயர்பள்ளி முடித்த நகரப் பிள்ளைகள் அனைவருக்கும் நகரப் பல்கலைக் கழகம் கதவு திறந்தது. தகுதி போயிற்று, தரம் போயிற்று என்று ஒப்பாரி வைத்தனர் சிலர். அங்கே கட்டுரைப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த மினா ஷாக்னசி என்ற அம்மையார் ஒப்பாரி வைக்கவில்லை, உட்கார்ந்து படித்தார். ஏறத்தாழ 4,000 மாணவர் கட்டுரைகளை ஆராய்ந்து, 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். பிழை என்பது மூளைக் குறைவின் சான்றன்று. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் எழுத்துலகின் விதிகளைத் தாமே தேடும் முயற்சியின் தடம் என்று காட்டினார். தகுதி, திறமை என்று பேசி வாயிலை அடைப்போர் எந்த நாட்டில் இருந்தாலும், அவர்களுக்கு இதுவே விடை.

ஆனால் அந்த விடையை வகுப்பறையில் நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? பெரும்பாலும் அந்த உதவியாசிரியர். ஆகவே அவரும் ஒரு நாள் வாய் திறந்தார்.

விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் 1966ஆம் ஆண்டில் உதவியாசிரியர் சங்கம் பிறந்தது. 1970ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் திங்கள்களில் 24 நாள் வேலை நிறுத்தம் நடத்தி, ஒப்பந்தம் பெற்றது. 1986இல் வயோமிங்கில் கூடிய எழுத்துக்கலை ஆசிரியர்கள், நியாயமான ஊதியமும் முறையிட வழியும் வேண்டும் எனத் தீர்மானம் இயற்றினர்.

தனியார் பல்கலைக் கழகங்களின் உதவியாசிரியர் தொழிலாளரா, வெறும் மாணவரா என்ற வழக்கு, தேசியத் தொழிலுறவு வாரியத்தில் ஊஞ்சலாடியது. 2000இல் தொழிலாளர் என்றது வாரியம். 2004இல் இல்லை என்றது. 2016இல் மீண்டும் ஆம் என்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் உதவியாசிரியரும் ஆராய்ச்சியாளருமாக ஏறத்தாழ 48,000 பேர் வேலையை நிறுத்தினர். ஊதிய உயர்வு பெற்றுத் திரும்பினர்.

இன்று மத்திய புளோரிடா போன்ற பல்கலைக் கழகங்களில், எழுத்துக்கும் சொல்லாற்றலுக்கும் தனித்துறைகள் உள்ளன. வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 என்றால் சாலச் சிறப்பு என்று 1949இல் எழுந்த அந்த அமைப்பு வற்புறுத்துகிறது. புதிய உதவியாசிரியரை முதல் நாளிலேயே வகுப்பில் தள்ளிவிடாமல், முன்பயிற்சி தரும் முறையும் பரவியுள்ளது.

ஆகவே, கல்வியாண்டின் தொடக்கத்தில் வெளிவரும் அந்தப் பெயர் வரிசையைச் சிறு செய்தி என்று நாம் தள்ளுவதற்கில்லை. பெயரற்றுக் கிடந்தவருக்குப் பெயர் கிடைத்தது ஒரு படி. ஆனால் படம் போட்டால் பசி தீராது. பாராட்டுரை வாடகை கட்டாது. அறிமுகம் என்பது அறிந்து ஏற்பது என்றால், ஊதியமும் பயிற்சியும் சங்கம் அமைக்கும் உரிமையும் அந்த ஏற்பின் உறுப்புகள். அவை இல்லாத அறிமுகம் வெறும் அலங்காரம்.

கல்விக் கூடத்தின் கதவைத் திறப்பவர் புகழ் பெறுகின்றனர், பெறட்டும். திறந்த கதவின் வழியே வந்த பிள்ளையின் அருகில் அமர்ந்து, உன் எண்ணம் சரி, இந்த வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுது என்று சொல்லும் அந்தக் குரல் இல்லையேல், திறந்த கதவாலும் பயனில்லை. அடித்தட்டு மக்கள் எழுத்தறிவு பெறவேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் இளைஞர்கள், இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் பழகவேண்டும்: அந்த எழுத்தைத் திருத்தித் தரும் கைக்கு நாம் என்ன தருகிறோம்?