இந்த வருஷம் யார்? – பேஸ்பால் ஆரூடங்களின் கதை

சித்திரை பிறந்ததும் கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். இந்த வருஷம் மழை எப்படி, எந்தப் பயிர் விளையும், யாருக்கு ஆதாயம், யாருக்கு விரயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருவார்கள். அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கு அந்த வேளை மார்ச் கடைசி. சீசன் தொடங்குவதற்கு முன் பத்திரிகைக்காரர், டிவிக்காரர், முடிதிருத்தும் கடைக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு பஞ்சாங்கம் வாசிப்பார்கள். என் பெண் சியாட்டிலில் இருப்பதால் எனக்கும் இந்த ஆட்டம் பழக்கமாகி, வருஷா வருஷம் ஒரு நோட்டில் என் பங்குக்கு எழுதி வைக்கிறேன். 2026 சீசன் இதோ வந்துவிட்டது. என் கணிப்பைச் சொல்வதற்கு முன், கணிப்பு என்ற இந்தப் பழக்கத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதில் ஆட்டத்தை விட சுவாரசியமான விஷயங்கள் இருக்கின்றன.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக். ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு, பிரிவுக்கு ஐந்து அணி. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். அதற்குப் பிறகு லீக்குக்கு ஆறு என்று 12 அணிகள் நாக்-அவுட் சுற்றுக்குப் போகும். கடைசியில் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுவது வேர்ல்ட் சீரிஸ். அதில் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை.

கணிப்பதையே ஒரு தொழிலாக நடத்திய முன்னோடிகளில் ஒருவர் ஹியூ ஃபுல்லர்டன் என்ற சிகாகோ பத்திரிகையாளர். 1906-ல் வேர்ல்ட் சீரிஸில் மோதிய இரண்டும் சிகாகோ அணிகள், கப்ஸும் ஒயிட் சாக்ஸும். கப்ஸ் அந்த வருஷம் 152 ஆட்டத்தில் 116 ஜெயித்திருந்தது. ஒயிட் சாக்ஸுக்கோ "அடிக்கத் தெரியாத அதிசயங்கள்" என்றே பட்டப்பெயர். அவர்களுடைய பேட்டிங் சராசரி .230, லீக்கிலேயே கடைசி. ஃபுல்லர்டன் வீரர் வீரராக ஒப்பிட்டுப் பார்த்து, ஒயிட் சாக்ஸ்தான் ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் அதை அச்சில் ஏற்ற மறுத்துவிட்டார். ஊர் சிரிக்கும் என்ற பயம். ஒயிட் சாக்ஸ் 4-2 என்று ஜெயித்த பிறகுதான் அந்தக் கட்டுரை வெளிவந்தது! இந்த ஃபுல்லர்டனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

ஃபுல்லர்டன் போன்றவர்களையும் திகைக்க வைத்த வருஷங்கள் உண்டு. 1914 ஜூலை 4-ம் தேதி பாஸ்டன் பிரேவ்ஸ் லீக்கில் கடைசி இடம். முதலிடத்துக்கும் அவர்களுக்கும் 15 ஆட்ட இடைவெளி. அங்கிருந்து எழுந்து, சீசன் முடியும்போது பத்தரை ஆட்டம் முன்னால் நின்றார்கள். வேர்ல்ட் சீரிஸையும் 4-0 என்று வாரிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்று 1969 நியூயார்க் மெட்ஸ். 1962-ல் ஆரம்பித்த முதல் வருஷமே 120 ஆட்டம் தோற்ற அணி. அடுத்த ஆறு வருஷமும் பத்து அணிகளில் ஒன்பதாவதோ பத்தாவதோதான். சர்க்கஸ் கோமாளிகளைப் பார்ப்பது போல ஜனங்கள் அவர்களைப் பார்க்கப் போவார்களாம். மனிதன் நிலவில் கால் வைத்த அதே வருஷம், ஆகஸ்ட் மத்தியில் கப்ஸுக்குப் பத்து ஆட்டம் பின்னால் இருந்தவர்கள், 100 வெற்றியுடன் முடித்து, 109 வெற்றி பெற்ற பால்டிமோரை 4-1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். மார்ச்சில் அதை ஒருவர் எழுதியிருந்தால் வீட்டில் உள்ளவர்கள் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள்.

இதற்கெல்லாம் கணக்கு வழி ஏதாவது உண்டா என்று கேட்டவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் பீன்ஸ் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலாளி. விழித்திருக்கும் நேரத்தில் பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். 1977-ல் அவரே அச்சிட்டு விற்ற முதல் புத்தகம் 75 பிரதி விற்றது. இன்று எல்லா அணிகளும் அவர் வழியில்தான் நடக்கின்றன.

அவருடைய ஒரு சூத்திரம் நம் பள்ளிக்கூடத்து பித்தாகரஸ் தேற்றம் மாதிரியே இருக்கும். ஓர் அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் விட்ட ரன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 800 ரன் எடுத்து 700 விட்ட அணிக்கு விடை 0.566. அதை 162-ஆல் பெருக்கினால் சுமார் 92 வெற்றி. அந்த அணி நிஜத்தில் 98 ஜெயித்திருந்தால், ஆறு வெற்றி அதிர்ஷ்டக் கணக்கில் எழுத வேண்டியது, அடுத்த வருஷம் இறங்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். மார்ச் மாதக் கணிப்புக்கு இதைவிடப் பயனுள்ள வாய்ப்பாடு நான் பார்த்ததில்லை.

சரி, அதிர்ஷ்டத்தின் அளவுதான் எவ்வளவு? ஒரு நாணயத்தை 162 தடவை சுண்டுங்கள். சராசரியாக 81 தலை விழ வேண்டும். ஆனால் 30 பேர் சுண்டினால், சுமார் இருபது பேருக்கு 75-க்கும் 87-க்கும் நடுவில் விழும். மற்றவர்கள் அதற்கு வெளியே. முப்பது பேரில் அதிர்ஷ்டசாலி ஒருவருக்கு 94-ஐ ஒட்டிக்கூட விழும், பாவப்பட்ட ஒருவருக்கு 68. திறமையில் எள்ளளவும் வித்தியாசம் இல்லாமலே ஒருவர் ராஜா, ஒருவர் ஆண்டி! ஆகையால் எல்லா அணிகளின் உண்மையான பலமும் தெரிந்த ஒரு ஞானி இருந்தால்கூட, அவர் கணக்கும் அணிக்குச் சராசரியாக ஐந்து ஆட்டம் தவறத்தான் செய்யும்.

நாக்-அவுட் சுற்று இன்னும் மோசம். எதிரில் யார் வந்தாலும் பத்துக்கு ஆறு ஜெயிக்கக்கூடிய அணி என்றால் மகா பலசாலி என்று அர்த்தம், 162-ல் 97 வெற்றி. அப்படிப்பட்ட அணிகூட முதல் சுற்றில் ஓய்வு பெற்று, மிச்சமுள்ள மூன்று தொடரையும் வரிசையாக ஜெயிக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். 2006-ல் 83 ஆட்டம் மட்டுமே ஜெயித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரிஸ் சாம்பியன் ஆனது. 2001-ல் சியாட்டில் மாரினர்ஸ், 1906 கப்ஸைப் போலவே சரியாக 116 ஜெயித்து, வேர்ல்ட் சீரிஸ் வாசலையே மிதிக்காமல் வீட்டுக்குப் போனது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2003-ல் நேட் சில்வர் என்ற இளைஞர் 'பெகோடா' என்ற கணிப்பு முறையைக் கொண்டுவந்தார். பின்னாளில் அமெரிக்கத் தேர்தல் கணிப்புகளுக்குப் பேர் பெற்றவர் இவர்தான். பெகோடா 2007-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு 72 வெற்றி என்றது. இரண்டு வருஷத்துக்கு முன் கோப்பை ஜெயித்த அணிக்கு இப்படியா என்று அணிக்காரர்கள் பரிகாசம் செய்தார்கள். சீசன் முடிவில் 72 வெற்றி, 90 தோல்வி! அடுத்த வருஷம், அதுவரை பத்து சீசனில் ஒன்பது முறை பிரிவில் கடைசியாக வந்திருந்த டாம்பா பே ரேஸ், தோல்வியைவிட அதிக வெற்றி பெறும் என்றது. ரேஸ் 97 ஜெயித்து வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. அதே பெகோடா 2015-ல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கும் 72 என்றது. ராயல்ஸ் 95 ஜெயித்து சாம்பியன் ஆனார்கள். இயந்திரமும் நம்மைப் போலத்தான், கொஞ்சம் ஒழுங்காகக் கணக்குப் போடும், அவ்வளவே.

இப்போது ஃபுல்லர்டனிடம் திரும்புவோம். முடிவை முன்கூட்டியே சந்தேகமில்லாமல் தெரிந்து வைத்திருந்தவர்கள் பேஸ்பால் சரித்திரத்தில் ஒரு வருஷம் இருந்தார்கள். அது 1919. ஒயிட் சாக்ஸ் பலமான அணி, எதிரில் சின்சினாட்டி ரெட்ஸ். தொடர் ஆரம்பிக்கும் முன்பே பந்தயப் பணம் திடீரென்று ரெட்ஸ் பக்கம் சாயத் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் எட்டி சிகாட் வீசிய பந்து ரெட்ஸின் முதல் பேட்டர் முதுகில் விழுந்தது. அது சூதாட்டக்காரர்களுக்கு "ஏற்பாடு சரி" என்ற சமிக்ஞை. ரெட்ஸ் 9-1 என்று ஜெயித்தது.

அரங்கில் உட்கார்ந்திருந்த ஃபுல்லர்டன், பழைய நட்சத்திர வீரர் கிறிஸ்டி மாத்யூசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தேகமாகப் பட்ட ஒவ்வோர் ஆட்டத்தையும் ஸ்கோர் அட்டையில் வட்டமிட்டார். தொடர் முடிந்ததும் துணிந்து எழுதினார். பேஸ்பால் பத்திரிகைகள் அவரைத்தான் ஏசின. 1920 செப்டம்பரில் சிகாட்டும் ஜோ ஜாக்சனும் கிராண்ட் ஜூரி முன் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டபோதுதான் வாய்கள் மூடின. 1921-ல் நீதிமன்றம் விடுவித்த மறுநாளே, கமிஷனர் லாண்டிஸ் எட்டு வீரர்களையும் ஆயுளுக்கும் தடை செய்தார்.

கணிப்பதில் பேர் வாங்கியவர்தான் இந்த மோசடியையும் முதலில் மோப்பம் பிடித்தார் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இயல்பாக ஆட்டம் எப்படித் தவறும் என்று தெரிந்தவருக்கே, இயல்பில்லாமல் தவறுவது கண்ணில் படும்.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. இப்போது ஆட்டம் யாருக்கு என்பதோடு நிற்காமல், அடுத்த பந்து எவ்வளவு வேகம், எங்கே விழும் என்பதற்குக்கூட போனிலேயே பணம் கட்டலாம். 2024-ல் ஒரு வீரருக்கு ஆயுள் தடை. ஷோஹெய் ஓட்டானியின் மொழிபெயர்ப்பாளர், பந்தயக் கடனுக்காக அவர் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1.7 கோடி டாலர் திருடிச் சிறைக்குப் போனார். 2025 நவம்பரில் க்ளீவ்லேண்ட் அணியின் இரண்டு பந்துவீச்சாளர்கள் மீது, பந்தயக்காரர்களுக்காகக் குறிப்பிட்ட பந்துகளை வேண்டுமென்றே தவறாக வீசியதாகக் குற்றச்சாட்டு பதிவானது. இருவரும் மறுக்கிறார்கள்.

நோட்டில் எழுதி வைக்கும் ஆரூடத்துக்கும் பணம் கட்டும் ஆரூடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். என் நோட்டு பொய்த்தால் எனக்கு நஷ்டம் ஒரு சிரிப்பு. பணம் கட்டியவனுக்கு ஆட்டம் பொய்க்கக் கூடாது, பொய்க்காமல் இருக்க ஏதாவது செய்யலாமா என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. அந்த எண்ணம் ஒரு வீரனை எட்டிவிட்டால், மெட்ஸ் மாதிரி ஓர் அற்புதம் நடந்தால்கூட நாம் கைதட்ட மாட்டோம், சந்தேகப்படுவோம். ரசிகனுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

இனி என் பஞ்சாங்கம்.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தொடர்ந்து இரண்டு வருஷம் சாம்பியன். மூன்றாவதும் ஜெயிப்பார்களா? 1998 முதல் 2000 வரை யாங்கீஸ் செய்த பிறகு யாரும் செய்யவில்லை. அவர்களுக்குத் தாராளமாக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு கொடுத்தாலும், மிச்சம் மூன்று பங்கு "இல்லை" பக்கம்தானே. இல்லை என்றே எழுதுகிறேன்.

டொரான்டோ 2024-ல் பிரிவில் கடைசி, 2025-ல் 94 வெற்றி. வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் கோப்பைக்கு இரண்டே அவுட் மிச்சமிருக்க, கைநழுவவிட்டார்கள். இந்த வருஷம் 88-ஐ ஒட்டி நிற்பார்கள்.

கொலராடோ போன வருஷம் 119 தோற்றது. 2024-ல் 121 தோற்ற ஒயிட் சாக்ஸ் மறுவருஷம் 102-க்கு வந்தது. பள்ளத்தின் அடியில் இருப்பவனுக்கு மேலே ஏறத்தான் வழி. கொலராடோவுக்கு 110-க்குள்.

போன வருஷம் பிரிவில் கடைசியாக வந்த அணிகளில் ஒன்றாவது நாக்-அவுட் சுற்றுக்கு வரும். என் கை பால்டிமோர் மீது. 2023-ல் 101 ஜெயித்த கூட்டம் அதற்குள் ஆட்டத்தை மறந்திருக்காது.

மில்வாக்கி போன வருஷம் 97 ஜெயித்தது, மற்ற எல்லோரையும்விட அதிகம். பெரிய பணமில்லாத ஊர், இதுவரை வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்ததே இல்லை. இந்த வருஷமும் 90 தாண்டும்.

கடைசியாக சியாட்டில். 30 அணிகளில் வேர்ல்ட் சீரிஸில் ஒருமுறைகூட ஆடாத ஒரே அணி. 1977-ல் ஆரம்பித்தது, வருஷம் 49 ஓடிவிட்டது. போன அக்டோபரில் ஏழாவது ஆட்டம் வரை போய், ஏழாவது இன்னிங்ஸ் வரை முன்னிலையில் இருந்து, டொரான்டோவின் ஒரே ஒரு ஹோம் ரன்னில் எல்லாம் போயிற்று. கணக்குப்படி அவர்கள் இந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் வருவதற்கு ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான் வாய்ப்பு. இருந்தாலும் நோட்டில் அமெரிக்கன் லீக் சாம்பியன் என்ற இடத்தில் மாரினர்ஸ் என்றுதான் எழுதியிருக்கிறேன். பணம் கட்டாதவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.