பள்ளிவழிப் பண்பாட்டுப் பரிமாற்றம் (வட சென்னை)

ஒரு நாட்டுப் பள்ளியின் மாணவரோ ஆசிரியரோ, கற்பிக்கும் முறையோ, பள்ளி நடத்தும் பணமோ இன்னொரு நாட்டுப் பள்ளியைச் சென்று சேர்வதும், அதனால் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறிந்து பொறுத்துப் பழகுவதும் பள்ளிவழிப் பண்பாட்டுப் பரிமாற்றம் எனப்படும். இன்று இது பெரும்பாலும் மாணவர் பயணத்தையே குறிக்கிறது. அமெரிக்காவில் டொனால்ட் வாட் 1932இல் தொடங்கிய அமைப்பும், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களின் வழிவந்து 1947 முதல் பள்ளி மாணவரை நாடுவிட்டு நாடு அனுப்பிவரும் ஏ.எஃப்.எஸ். அமைப்பும் இப்பொருளுக்கு வழிவகுத்தன. யுனெஸ்கோவின் இணைப்புப் பள்ளிகள் வலையமைப்பு 1953இல் உருவானது. சென்னையின் வடபகுதியில் இதன் வரலாறு இவற்றுக்கெல்லாம் மிக முந்தையது. மாணவர் பயணத்தைவிட முறையும் பணமும் கப்பலேறியதே இங்கு அதிகம் என்பது இதன் தனித்தன்மை.

இக்கட்டுரையில் வட சென்னை என்பது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றோடு, கறுப்பர் நகரம் என்று முன்பு வழங்கிய ஜார்ஜ் டவுனையும் உள்ளடக்கும். சற்றே தென்மேற்கே தள்ளியிருக்கும் எழும்பூரும் பொருள் கருதிச் சேர்க்கப்பட்டுள்ளது.

தொன்மை

வெளியூரார் வந்து கற்கவும் கற்பிக்கவும் செய்த இடமாகத் திருவொற்றியூர் பத்தாம் நூற்றாண்டிலேயே அறியப்படுகிறது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று கேரளத்தைச் சேர்ந்த வல்லபன் என்பவரைப் பற்றிக் கூறுகிறது. இவர் சோழ இளவரசன் இராசாதித்தனின் நெருங்கிய துணைவர். தக்கோலப் போரில் இளவரசன் இறந்தபோது உடனிருக்க முடியாத துயரத்தில் துறவு பூண்டு, கங்கையாடி, திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்றார். பின் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இவ்வூர் மடத்தின் தலைவரானார். போரில் சோழரைத் தோற்கடித்த மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்தே, தோற்ற இளவரசனின் தோழர் தம் கதையைக் கோயில் கல்லில் பொறித்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. இதே தியாகராசர் கோயிலில் வியாகரணதான மண்டபம் ஒன்றும் இருந்தது. பாணினிக்கு இறைவன் இலக்கணம் அருளிய இடமாக மரபில் போற்றப்பட்ட இம்மண்டபத்தில் இலக்கணம் கற்பிக்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன.

கறுப்பர் நகரப் பள்ளிகள்

புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த சில ஆண்டுகளில், 1642இல், பர்மாவின் பெகு நகருக்குப் போகும் வழியில் எஃப்ரெம் தெ நெவெர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி இங்கு இறங்கினார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் கேட்டுக்கொண்டதால் தங்கிவிட்டார். போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர், கலப்பினத்தார் என எல்லோர் பிள்ளைகளுக்கும் அவர் பாடம் சொன்னார். கத்தோலிக்கத் துறவி ஒருவர் புராட்டஸ்டண்டு கோட்டைக்குள் செல்வாக்கோடு வாழ்வதைப் போர்ச்சுகீசியர் பொறுக்கவில்லை. 1649இல் அவரைச் சாந்தோமில் பிடித்துக் கோவாவின் மதவிசாரணைச் சிறையில் அடைத்தனர். அவரை மீட்க ஆங்கிலேயர் மட்டுமல்லாமல் கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லாவும் நெருக்கடி கொடுத்தார். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவருக்காகப் பாரசீக வழிவந்த முகமதியத் தளபதி போர்ச்சுகீசியரை மிரட்டியதுதான் இவ்வட்டாரத்தில் மதப்பொறைக்குக் கிடைக்கும் தொடக்கச் சான்றுகளில் சுவையானது. எஃப்ரெம் 1651இல் திரும்பிவந்து பள்ளியைத் தொடர்ந்தார்.

கோட்டைப் பாதிரியார் வில்லியம் ஸ்டீவன்சன் 1715இல் புனித மேரி தருமப் பள்ளியைத் தொடங்கினார். பதினெட்டுச் சிறுவரும் பன்னிரண்டு சிறுமியரும் முதலில் சேர்ந்தனர். அப்பள்ளியின் தொடர்ச்சியே இன்றைய செயின்ட் ஜார்ஜ் பள்ளி. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனார் 1717இல் இங்கும் கடலூரிலும் பள்ளிகள் திறந்தனர். அடுத்து வந்த பெஞ்சமின் சூல்ட்சே கறுப்பர் நகரத்தில் தமிழ், தெலுங்கு, போர்ச்சுகீசியப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். டென்மார்க் அரசரின் ஆதரவில், ஜெர்மானியர்கள், லண்டன் சங்கம் ஒன்றின் பணத்தில், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். இன்றைய பரிமாற்றத் திட்டங்களில்கூட இத்தனை நாடுகள் ஒரே வகுப்பறையில் கூடுவது அரிது.

எழும்பூர் ஆண் அநாதையர் விடுதியும் மெட்ராஸ் முறையும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல், வர்ஜீனியாவில் சில காலம் கழித்தபின் 1787இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். வழியில் சென்னையில் இறங்கியவர் இங்கேயே படைப் பாதிரியாராக வேலை பெற்றுத் தங்கினார். 1789இல் எழும்பூர்க் கொத்தளத்தில் ஆண் அநாதையர் விடுதி திறக்கப்பட்டபோது அதன் பொறுப்பைச் சம்பளம் வாங்காமல் ஏற்றார். விடுதிப் பிள்ளைகளில் பலர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள். ஊரில் எந்தத் தரப்பும் தம் பிள்ளைகளாக முழுமனத்தோடு ஏற்காதவர்கள்.

உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் பார்த்தார். அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாதென்று மறுத்தனர். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கென் என்ற சிப்பாயின் மகனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாதென்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். அதன்பின் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பதே அப்பள்ளியின் வழக்கமானது; இதுவே மெட்ராஸ் முறை எனப்பட்டது. திண்ணைப் பள்ளியில் படித்தவர் எவருக்கும் இது புதிதல்ல. வாத்தியார் ஒருவர், அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளை, சட்டாம்பிள்ளையின் கையில் சின்னப் பிள்ளைகள், மணலில் அரிச்சுவடி என்பதே நம் பள்ளிகளின் நடைமுறை.

மணல் எழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதாகப் பெல்லே எழுதினார். சட்டாம்பிள்ளை முறை தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதுபோல் அவர் பேசியது ஏற்கத்தக்கதன்று. 1623இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, பிள்ளைகள் மணலில் எழுதித் தமக்குள் பாடம் சொல்லிக்கொண்டதை விரிவாகப் பதிந்துள்ளார். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் 1814இல் வங்காளத்துக்கு அனுப்பிய கடிதத்திலும், இந்திய ஆசிரியர்களின் தொன்றுதொட்ட முறையையே பெல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்று பாராட்டிக் குறித்தனர். ஆகவே முறை இங்கிருந்து போனது என்பதில் ஐயமில்லை.

விடுதி மாணவர்களில் வில்லியம் ஸ்மித் குறிப்பிடத்தக்கவர். திப்பு சுல்தானின் பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த அவர் மகன்களை 1794இல் திருப்பி அனுப்பியபோது, உடன் சென்ற தூதுக்குழுவில் இந்த இளைஞர் அறிவியல் கருவிகளோடு போய்த் திப்புவின் முன்னிலையில் சோதனைகள் செய்து காட்டினார். இரு தரப்பும் அடுத்த போருக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளையில் எழும்பூர் விடுதிப் பிள்ளை ஒருவர் மைசூர் அரசருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

பெல் 1796இல் சென்னையை விட்டார். மறு ஆண்டு லண்டனில் இப்பள்ளியின் சோதனையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1798இல் லண்டன் ஆல்ட்கேட் வட்டாரத் தருமப் பள்ளி அதைப் பின்பற்றியது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் தம் பள்ளியில் இதை ஒத்த முறையைத் தொடங்கினார். இருவரில் யார் முதல்வர் என்ற சண்டை மதச் சண்டையாகவும் வளர்ந்தது. பெல்லின் பக்கம் நின்ற ஆங்கிலத் திருச்சபை 1811இல் தேசியச் சங்கம் அமைத்துப் பள்ளிகளில் தன் வினாவிடையைக் கட்டாயமாக்கியது. பிற சபையாரின் பிள்ளைகளையும் சேர்க்கும் பள்ளிகள் லங்காஸ்டர் பக்கம் வளர்ந்தன. திண்ணையிலிருந்து போன முறை, போன இடத்தில் ஒரு சபைக்கும் இன்னொரு சபைக்கும் இடையே மதில் கட்டவும் பயன்பட்டது. பரிமாற்றம் என்றாலே பொறை வளரும் என்று நம்புவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அளவோடு போதும் என்ற கருத்தும் பெல்லுக்கு இருந்தது.

ஆசிரியர் ஒருவரை வைத்து நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்கலாம் என்பதால் செலவு குறைவு. அதனாலேயே முறை பிரான்ஸ், ரஷ்யா, தென் அமெரிக்கா வரை பரவியது. கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் மெட்ராஸ் பள்ளிகள் என்ற பெயரிலேயே பள்ளிகள் நடந்தன. பெல் 1832இல் இறந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்விக்கென அவர் விட்டுச்சென்ற சுமார் 1,20,000 பவுனில் ஒரு பங்கைக் கொண்டு எழுந்த ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் இயங்குகிறது. கப்பலேறிப் போன முறை இந்தியாவுக்கே திரும்பியும் வந்தது. வங்காளத்தின் சின்சுராவில் 1814 முதல் ராபர்ட் மே நடத்திய பள்ளிகள், சீமையிலிருந்து வந்த புது முறை என்றே இதைப் பின்பற்றின. சர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டுத் தொகுத்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 உள்ளூர்ப் பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகத் தெரிகிறது. முறையைக் கடன் கொடுத்த திண்ணைப் பள்ளிகள் அடுத்த சில தலைமுறைகளில் ஆதரவின்றி மறைந்தன. எழும்பூர் விடுதி 1870களின் தொடக்கத்தில் நீலகிரியின் லாரன்ஸ் விடுதியோடு இணைக்கப்பட்டது. கொத்தளம் இருந்த இடத்தில் பின்னர் எழும்பூர் ரயில் நிலையம் எழுந்தது.

ஆர்மீனியர் அறக்கொடை

கறுப்பர் நகரத்து ஆர்மீனிய வணிகர்களின் பங்கு தமிழில் போதிய அளவு எழுதப்படாதது. ஷாகாமிர் ஷாகாமிரியான் 1772இல் இங்கு அச்சகம் நிறுவினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் பாதிரியார் ஹாருத்யுன் ஷமாவோனியானால் சென்னையில் வெளியிடப்பட்டது. சென்னையில் பொருளீட்டிய சாமுவேல் மூராட், அவர் மாமனார் எட்வர்ட் ரஃபேல் ஆகியோரின் உயில் பணத்தில் இத்தாலியின் பதுவாவில் 1834இலும், வெனிஸில் 1836இலும் ஆர்மீனியச் சிறுவர்களுக்கான பள்ளிகள் எழுந்தன. பதுவாப் பள்ளி பின்பு பாரிஸுக்கு இடம்பெயர்ந்தது. மூராட்-ரஃபேல் கல்லூரி எனப்பட்ட வெனிஸ் பள்ளி இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் வரை நடந்தது. சோழமண்டலக் கரையில் ஈட்டிய பணம் வெனிஸில் பள்ளிக் கட்டணமாயிற்று.

ஸ்காட்லாந்து மிஷனும் எதிர்வினையும்

ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் சிலர் சேர்ந்ததால், மேல்சாதிப் பெற்றோர் அவர்களை நீக்கும்படி வற்புறுத்தினர். ஆண்டர்சன் மறுத்தார். ஏராளமான மாணவர்கள் வெளியேறினர், பள்ளி மூடவில்லை. வெளிநாட்டாரோடு பழகுவதைவிட அடுத்த தெருப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருவதே கடினமாக இருந்தது என்பது இந்நிகழ்ச்சியால் விளங்கும். 1841இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளி மீண்டும் காலியானது. அவர்களுள் ஒருவரான பி. ராஜகோபால் 1849இல் ஆண்டர்சனோடு ஸ்காட்லாந்து சென்றார். இப்பகுதிப் பள்ளி மாணவராயிருந்து ஐரோப்பா சென்ற முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

மதமாற்ற அச்சம் இந்துக்களைச் சொந்தப் பள்ளி நிறுவத் தூண்டியது. பச்சையப்ப முதலியார் அறக்கட்டளைப் பணத்தில் 1842இல் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. ராயபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனின் தொடர்ச்சியாக நார்த்விக் பெண்கள் பள்ளி உள்ளது.

இருபதாம் நூற்றாண்டும் இன்றும்

சுதந்திரத்துக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் பிரிட்டிஷ் கூட்டுறவில் ஆலைகள் அமைத்தபோது வெளிநாட்டுத் தொடர்பு பள்ளியிலிருந்து பட்டறைக்கு மாறியது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் எர்ணாவூர் பர்மா நகர் போன்ற இடங்களில் குடியேறினர். பர்மியச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள் உள்ளூர் வகுப்புகளில் சேர்ந்தனர். எந்தத் திட்டத்திலும் பதிவாகாத பரிமாற்றம் இது.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர் 50 பேரைப் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் அனுப்பியது. 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு ஒரு குழு சென்றது. பின்னர் சிங்கப்பூர், ஜப்பான் போன்ற நாடுகளுக்கும் போட்டிகளில் வென்ற மாணவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். கனவு ஆசிரியர் விருது பெற்றோர் 2024இல் பிரான்ஸ் சென்றனர். இவை சில நாள் பயணங்கள். அங்கிருந்து மாணவர் வந்து இங்குள்ள வகுப்பில் அமரும் மறுபாதி இவற்றில் இல்லையாதலால் இவற்றைப் பரிமாற்றம் என்பதைவிடக் கல்விச் சுற்றுலா என்பதே சரி.