ஒரு டி.சி.க்காக நடந்த வழக்கு

மலர்க் குழுவினர் கால்பந்து பற்றி ஏதாவது எழுதச் சொன்னார்கள். பீலே, மரடோனா பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. எனக்கு ஞாபகம் வந்தவர் வேறொருவர்: பெல்ஜியம் நாட்டு ழான் மார்க் போஸ்மன்.

1964இல் லியேஜ் நகரில் பிறந்தவர். நடுக்கள ஆட்டக்காரர். இளையோர் தேசிய அணியில் ஆடியவர். பெரியவர்கள் அணியில் இடம் கிடைக்கவில்லை. முதலில் ஸ்டாண்டர்ட் லியேஜ் கிளப், 1988இல் அதே ஊரின் ஆர்.எஃப்.சி. லியேஜ். நட்சத்திரமும் இல்லை, சோடையும் இல்லை. சம்பளத்துக்கு ஆடிப் பிழைத்த சாதாரண ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

1990 ஜூன் 30இல் அவருடைய ஒப்பந்தம் முடிய வேண்டும். போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,20,000 பெல்ஜியன் பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தார். ஏப்ரலில் கிளப் புது ஒப்பந்தம் நீட்டியது: மாதம் 30,000. நாலில் ஒரு பங்கு! மாட்டேன் என்றார். உடனே அவரை விற்பனைப் பட்டியலில் போட்டு, 1,17,43,000 பிராங்க் விலையும் வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் புதுக் கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பது அன்றைய விதி.

பிரான்சின் இரண்டாம் டிவிஷன் கிளப்பான டன்கர்க் அவரைக் கூப்பிட்டது. பேச்சும் முடிந்தது. பாக்கி ஒரே ஒரு காகிதம்தான். பெல்ஜியம் கால்பந்து சங்கம் பிரான்சு சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய மாற்றுச் சான்றிதழ். டன்கர்க் பணம் கட்டுமா என்று சந்தேகப்பட்ட லியேஜ் கிளப், அதை அனுப்பச் சொல்லிக் கேட்கவே இல்லை. போதாததற்கு, ஜூலை 31 அன்று அவரை இடைநீக்கமும் செய்தது.

ஃபீஸ் பாக்கி வைத்தவனுக்கு டி.சி. கிடைக்காது, அது நமக்குத் தெரியும். ஆனால் படிப்பை முடித்து, ஒரு பைசா பாக்கி வைக்காதவனிடம், "நீ சேரப்போற காலேஜ் எங்களுக்குப் பணம் கட்டினாத்தான் டி.சி." என்றால்? அதுதான் அங்கே நடந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விதி நட்சத்திரங்களை அவ்வளவாக உறுத்தவில்லை. மரடோனாவுக்கு எவ்வளவு கேட்டாலும் கொட்டிக்கொடுக்க ஆள் இருந்தது. மாட்டிக்கொண்டவன் நடுத்தர ஆட்டக்காரன்தான். ஆகவேதான் வழக்கும் அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து வந்தது.

1990 ஆகஸ்ட் 8 அன்று லியேஜ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அப்போது வயது 25. வழக்கு நடந்தபோதே பிழைப்புக்கு அலைந்தார். பிரான்சில் சென் கேந்தன் கிளப்பில் ஒரு சீசன்; 1992இல் இந்துமகா சமுத்திரத்து ரீயூனியன் தீவு; 1993இல் பெல்ஜியத்தின் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்று. கால்பந்துக்காரனின் நல்ல வயசெல்லாம் கோர்ட்டு வாசலிலேயே போயிற்று.

1995 டிசம்பர் 15 அன்று லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டக்காரனும் தொழிலாளிதான். ஒப்பந்தம் முடிந்தபின் அவன் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போனால் பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது. ஒன்றிய நாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் ஆடலாம் என்ற கட்டுப்பாடும் செல்லாது.

மறு வருடமே டேவிட்ஸ் என்ற நடுக்கள வீரர் அயாக்ஸிலிருந்து மிலானுக்குச் சும்மாவே போனார். 1999இல் மக்மனமன், லிவர்பூலிலிருந்து ரியல் மாட்ரிட். அதே வருடம் டிசம்பர் 26 அன்று செல்சி அணி ஆட்டத்தைத் தொடங்கியபோது பதினொருவரில் ஒருவர்கூட இங்கிலாந்துக்காரர் இல்லை. கிளப்புக்குப் போன பணம் ஆட்டக்காரர் சம்பளமாக மாறியது. குறையும் உண்டு: 1995இல் ஐரோப்பிய சாம்பியனான அயாக்ஸ், தான் வளர்த்த பிள்ளைகளைச் சில வருடங்களிலேயே இழந்தது.

போஸ்மனுக்கு என்ன கிடைத்தது? தீர்ப்பு வந்தபோது வயது 31. பெரிய கிளப் எதுவும் கதவைத் திறக்கவில்லை. பின்னாளில் மனச்சோர்விலும் குடியிலும் விழுந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2024 அக்டோபர் 4 அன்று லசானா டியாரா என்ற இன்னொரு நடுக்கள வீரரின் வழக்கில் அதே நீதிமன்றம் ஃபிஃபாவின் மாற்ற விதிகள் சிலவற்றையும் சட்டத்துக்கு முரணானவை என்றது. போஸ்மன் திறந்த வழி இன்னும் நீள்கிறது. அதில் நடந்து கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் பலர். அதை வெட்டியவர் கேட்டதோ, தன் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவான ஒரு வேலையைத்தான்.