இசைத்தட்டில் இடம்பெறாத பெயர்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றோர் ஒன்றை நன்கறிவர். மாதவி மேடையேறப் போகிறாள். ஆயினும் இளங்கோவடிகள் அவளுடைய ஆடலை உடனே பாடத் தொடங்கிவிடவில்லை. ஆடலாசான், இசையாசான், பாடல் வல்ல புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவளுக்குத் துணைநின்ற கலைஞர் ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை முறையே விரித்துரைக்கிறார். அதன் பின்னரே அரங்கின் அமைதியையும் ஆடலின் சிறப்பையும் கூறுகிறார். குழலை யாழும் யாழைத் தண்ணுமையும் தொடர்ந்து ஒலித்த முறைமையையும் அவர் சொல்ல மறக்கவில்லை. பக்க இசைஞர்க்கு இத்துணை மதிப்பளித்த காப்பியம் பிறிதொன்று உண்டோ என்று வியக்கத் தோன்றும்.

ஆயினும், ஆடல் முடிந்ததும் மன்னன் அளித்த தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் மாதவிக்கே உரியனவாயின. குழலூதியவன் பெயர் யாது, தண்ணுமை முழக்கியவன் எவ்வூரினன் என்பனவற்றைக் காப்பியம் கூறவில்லை. தகுதி பதிவாயிற்று, பெயர் பதிவாகவில்லை.

இசைத்தட்டு தோன்றிய பின்னரும் இந்நிலை மாறியதாகத் தெரியவில்லை. ஒலி நிலைத்தது, ஒலியை எழுப்பியவர் பெயர் நிலைக்கவில்லை. இவ்வுண்மைக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவரின் வாழ்வும், சிங்கப்பூரிலிருந்து ஓர் இளைஞர் தலைமுறையின் வரலாறும் தக்க சான்றுகளாகும். இரண்டும் ஒரே இசை மரபால் பிணைக்கப்பட்டவை.

மெலிவின் வலிமை

பண்டைத் தமிழ் இசைநூலார் குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். மேலைநாட்டு இசையில் மெலிவு நிலைக்குரிய கருவிகளுள் ஒன்று பேஸ் கிட்டார். நான்கு தடித்த கம்பிகளை உடையது, ஆழ்ந்து ஒலிப்பது. கேட்போர் பாடகரின் குரலைக் கேட்கின்றனர். பாட்டின் சொற்களை நினைவிற் கொள்கின்றனர். பேஸ் கிட்டாரின் ஒலியைத் தனியே உணர்வோர் சிலரே. ஆனால் அதனை நீக்கிவிட்டால் பாட்டு அடித்தளமற்ற மாளிகையாகிவிடும். நாகசுர மேளத்தில் ஒத்து ஊதுபவரின் நிலையோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். ஒத்து ஒரே சுரத்தில் நிற்பது. பேஸ் கிட்டாரோ நடந்து செல்வது. தாளத்தையும் சுரத்தையும் ஒருசேரச் சுமந்து செல்வதே அதன் பணி.

இக்கருவியின் வரலாற்றில் தலையாய இடம் பெற்றவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள எடிஸ்டோ தீவில் 1936ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் பிறந்தவர். தென்மாநிலக் கறுப்பின மக்கள் பிழைப்பு நாடி வடபுல ஆலை நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1954இல் அவர் தாயுடன் டெட்ராயிட் நகரில் குடியேறினார். உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, நின்றவாறு வாசிக்கும் பெரிய பேஸ் கருவியைக் கற்றார். இரவு விடுதிகளில் ஜாஸ் இசைஞருடன் வாசித்துத் தேர்ச்சி பெற்றார்.

1959இல் பெரி கோர்டி என்பவர் அந்நகரில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் மோட்டவுன் என உலகப் புகழ் பெற்றது. மேற்குக் கிராண்ட் நெடுஞ்சாலையில் 2648ஆம் எண்ணுள்ள ஒரு சாதாரண வீடே அதன் ஒலிப்பதிவுக் கூடம். அவ்வீட்டின் கீழ்த்தளத்தில், இசைஞர்கள் 'பாம்புக்குழி' என்று வேடிக்கையாக அழைத்த சிற்றறையில், இரவு பகல் பாராது பதிவுகள் நடைபெற்றன. பாடகர் மாறுவர், பின்னிசைத்தவர் பெரும்பாலும் மாறார். 'ஃபங்க் பிரதர்ஸ்' எனப் பிற்காலத்தில் அறியப்பட்ட அக்குழுவில் ஜேமர்சன் பேஸ் வாசித்தார்.

ஒரு விரலின் ஆற்றல்

அவருக்கு முன்னர், பாட்டிசையில் பேஸ் வாசிப்போர் பெரும்பாலும் ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மாறிமாறித் தட்டுவதோடு நின்றனர். ஜேமர்சன் ஜாஸ் இசையில் தாம் கற்றதைப் பாட்டிசையுள் புகுத்தினார். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்குச் செல்கையில் இடைநின்ற சுரங்களையும் தொட்டுச் சென்றார்; தாளத்தின் எடுப்பிடத்தை முந்தியும் பிந்தியும் வாசித்தார். பாடகரின் குரலுக்குக் கீழே மற்றொரு பாட்டு நடப்பது போன்ற உணர்வு அதனால் எழுந்தது. இத்தனையையும் அவர் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார் என்பது வியப்புக்குரியது. 'கொக்கி' என்று அவ்விரலுக்குத் தோழர்கள் பெயரிட்டிருந்தனர். 1962இல் செய்யப்பட்ட ஃபெண்டர் நிறுவனத்துக் கருவி ஒன்றையே அவர் நெடுங்காலம் பயன்படுத்தினார். கம்பி அறுந்தாலன்றி அதனை மாற்றும் வழக்கம் அவரிடம் இல்லை.

1964இல் பதிவாகி, மறு ஆண்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்ற 'மை கேர்ள்' என்னும் பாடலைத் தமிழிசை மாணவர் ஒருமுறை கூர்ந்து கேட்டல் வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் முதலில் எழுவது ஜேமர்சனின் பேஸ் ஒலியே. அதன்மீது ராபர்ட் ஒயிட் என்னும் இசைஞரின் கிட்டார் ஐந்து சுரங்களாலாகிய ஏறுநிரலில் படியேறிச் செல்கிறது. அச்சுரநிரல் மோகன இராகத்தின் ஆரோசையே ஆகும். கடல்கள் இடையிட்ட இரு மரபுகள் ஐந்து சுரங்களில் கைகோத்து நிற்பதை அங்கே கேட்கலாம். அப்பாடலின் இசைத்தட்டில் டெம்டேஷன்ஸ் என்னும் பாடகர் குழுவின் பெயர் இருந்தது. ஜேமர்சனின் பெயரும் இல்லை. ஒயிட்டின் பெயரும் இல்லை.

ஃபோர் டாப்ஸ் குழுவினர், ஸ்டீவி ஒண்டர், மார்வின் கே முதலியோரின் புகழ்பெற்ற பாடல்களிலும் அவ்விரலே ஒலித்தது. அமெரிக்காவின் முதலிடப் பாடல்களுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் அவர் வாசித்துள்ளார். பிற நிறுவனங்களுக்கும் மறைவாகச் சென்று வாசித்ததுண்டு. 1967இல் சிகாகோவில் பதிவான ஜாக்கி வில்சனின் பாடல் ஒன்று அதற்குச் சான்று. எனினும் 1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் தொகுப்பின் உறையில்தான், 'ஒப்பற்றவர்' என்னும் அடைமொழியோடு, மோட்டவுன் வெளியீடொன்றில் அவர் பெயர் முறையாக அச்சேறியது. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பின்னர்க் கிடைத்த ஒரு வரி அது.

1972இல் அந்நிறுவனம் டெட்ராயிட்டைத் துறந்து லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் பின்தொடர்ந்தார். ஆனால் அங்கே இசையின் பாணி மாறியிருந்தது. புதிய கம்பிகளையும் புதிய வாசிப்பு முறைகளையும் பதிவுக்கூடத்தார் விரும்பினர். தம் முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வாய்ப்புகள் சுருங்கின, குடிப்பழக்கம் உடலைக் கெடுத்தது. 1983 மார்ச்சு மாதத்தில் மோட்டவுனின் வெள்ளிவிழாக் கலைநிகழ்ச்சி கலிபோர்னியாவில் நடைபெற்றது. அதற்கு அவருக்கு அழைப்பில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி, மேல்மாடத்து இருக்கையிலிருந்து அவர் அதனைக் கண்டார் என்பர். அதே ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தம் 47ஆம் வயதில் மறைந்தார். அவர் உயிர்போல் போற்றிய கருவி, மறைவுக்குச் சில நாள் முன்னர்க் களவுபோயிருந்தது.

சிங்கப்பூரில் அதே இசை

டெட்ராயிட்டில் பிறந்த இசை சிங்கப்பூருக்கு நேரே வந்ததினும் இங்கிலாந்து வழியாக வந்ததே மிகுதி. கறுப்பின மக்களின் ரிதம் அண்டு புளூஸ் இசையைப் பிரித்தானிய இளைஞர் விரும்பிக் கற்றனர். பீட்டில்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்ட தம் இரண்டாம் தொகுப்பில் மோட்டவுன் பாடல்கள் மூன்றைப் பாடியுள்ளனர். அக்குழுவின் பேஸ் இசைஞர் பால் மெக்கார்ட்னி, தம் வாசிப்புக்கு முன்மாதிரியானவர்களுள் ஜேமர்சனும் ஒருவர் என்று பின்னர் வெளிப்படையாகக் கூறினார்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் கேலாங் பகுதியிலிருந்த ஹேப்பி வோர்ல்டு அரங்கில் நிகழ்ச்சி நடத்தினர். அதனைத் தொடர்ந்து சிங்கப்பூர் இளைஞரிடையே கிட்டார் குழுக்கள் பெருகின. 1965 பிப்ரவரி 16ஆம் நாள், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் கில்லிமார்ட் சாலையிலிருந்த பூப்பந்து மண்டபத்தில் பாடியபின், ரிதம் அண்டு புளூஸ் வகை இசையின் மேல் ஆர்வம் மேலும் வளர்ந்தது. சிவா சோய், ஜேம்ஸ் சோய் என்னும் உடன்பிறப்புகள் 'சைக்ளோன்ஸ்' என்ற பெயரில் அவ்வகைப் பாடல்களைப் பாடிப் பெயர் பெற்றனர்.

அவ்வாண்டிலேயே 'நயோமி அண்ட் தி பாய்ஸ்' குழுவினரின் பிறந்தநாள் பாடல் ஒன்று சிங்கப்பூர் எங்கும் ஒலித்தது. அதுவும் 1957இல் அமெரிக்காவில் வெளிவந்த ரிதம் அண்டு புளூஸ் பாடலின் மறுபதிவே. அக்குழுவின் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். பாடிய பெண்ணுக்குப் பெயர் உண்டு. பின்னிசைத்தோர் 'பையன்கள்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டனர்.

இத்தலைமுறையின் தலைசிறந்த குழு 'குவெஸ்ட்ஸ்'. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் 1961இல் தொடங்கிய குழு அது; பள்ளி இதழின் பெயரே குழுவின் பெயராயிற்று. 1964இல் அவர்கள் வெளியிட்ட 'ஷேன்டி' என்னும் கருவியிசைப் பாடல், பீட்டில்ஸ் பாடலைக் கீழே தள்ளிச் சிங்கப்பூர்ப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. உள்ளூர்க் குழுவொன்று அவ்விடத்தை எய்தியது அதுவே முதன்முறை. அதனை இயற்றியவர் யார்? முன்னின்று கிட்டார் மீட்டியவர் அல்லர். பேஸ் கிட்டார் வாசித்த ஹென்றி சுவா. மெலிவில் நின்றவரே மெட்டையும் படைத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

குவெஸ்ட்ஸ் குழுவினர் தமக்காக மட்டும் வாசிக்கவில்லை. இ.எம்.ஐ. நிறுவனத்தின் பதிவுகளில் சகுரா, ரீத்தா சாவ் முதலிய பாடகர்க்கும் பின்னிசைத்தனர். சீனமொழிப் பாடலுக்குப் பின்னே சீன இளைஞரோடு இந்திய மரபினரான ரெஜி வர்கீசின் கிட்டாரும் ஒலித்தது. பல இன மக்கள் கூடி வாழும் நாட்டின் வரலாறு, அரசாணைகளில் மட்டுமன்றி இத்தகைய ஒலிப்பதிவுகளிலும் எழுதப்பட்டுள்ளது. 1970களில் நீள்முடிக்கும் ஹிப்பிப் பழக்கவழக்கங்களுக்கும் எதிரான நடவடிக்கைகள் வலுத்தன. மேடை வாய்ப்புகள் குறைந்தன. குழுக்கள் பல கலைந்தன. ரெஜி வர்கீஸ் பதிவுக்கூட இசைஞராகவும் இசைத் தயாரிப்பாளராகவும் தொடர்ந்து உழைத்தார்.

எழுதியவர் கொடுத்த வாழ்வு

மறைந்த பெயர்கள் மீண்டது எவ்வாறு? ஜேமர்சனின் வாழ்வையும் வாசிப்பையும் ஆலன் ஸ்லட்ஸ்கி என்பவர் ஆராய்ந்து, 1989இல் நூலாக வெளியிட்டார். அதனை அடியொற்றி 2002இல் ஆவணப்படம் ஒன்று வந்தது. இடையில் 2000ஆம் ஆண்டில், ராக் இசைப் பெருமன்றம் பக்க இசைஞர்க்கென முதன்முறையாக அளித்த சிறப்பைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவரானார். இங்கும் அத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சிங்கப்பூரின் அறுபதுகளின் குழுக்களைப் பற்றி ஜோசப் பெரைரா ஆய்ந்தெழுதிய நூல்கள் 1999 முதல் வெளிவந்தன. இசைத்தட்டுகள் மறைத்த பெயர்களை ஏடுகள் மீட்டன.

தமிழர் இதனைத் தம் இசைக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். சிராங்கூன் சாலை வட்டாரத்து வீடுகளிலும் கடைகளிலும் ஒலித்த திரைப்பாடல் தட்டுகளில் பாடியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர் பெயர்கள் இருந்தன. குழலும் வயலினும் கிட்டாரும் வாசித்தவர் பெயர்கள் இல்லை. கோயில் விழாக்களில் நாகசுரக் கலைஞரை அறிந்தோர் பலர். ஒத்து ஊதியவரை அறிந்தோர் எத்தனை பேர்? சுருதிப்பெட்டி வந்தபின் அக்கலைஞரின் இடமே அருகிவிட்டது. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் மின்தொகுப்பாயிற்று. நாடகம், இசை, நடனம் ஆகியனவும் அவ்வழியே தொகுக்கப்பட்டன. ஆனால் தொகுப்போர், எழுதி வைக்கப்பட்டவற்றையே தொகுக்க இயலும். எழுதப்படாத பெயரை எந்த மின்தொகுப்பும் காக்க இயலாது.

ஆதலின் பள்ளி ஆண்டுவிழா மலராயினும், கோயில் குடமுழுக்கு மலராயினும், பாடியவர் பெயருக்குக் கீழே மத்தளம் வாசித்தவர், தாளம் போட்டவர், ஒத்துப் பிடித்தவர் பெயர்களையும் எழுதி வைத்தல் கடமையாகும். அதற்கு ஒரு வரி போதும். ஜேமர்சன் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்ததும் அந்த ஒரு வரிக்காகவே.