மலைக்கற்கள் உரைக்கும் வரலாறு

திருப்பத்தூரில் நின்று நோக்குவார்க்கு வடகிழக்கில் ஏலகிரியும் கிழக்கே சவ்வாது மலையும் தோன்றும். நாள்தோறும் காண்பதனாலேயே நாம் அவற்றைக் கருதிப் பார்ப்பதில்லை. திருக்குடமுழுக்கினைக் கண்டு மகிழக் கூடியுள்ள மெய்யன்பர்கள் அம்மலைகளின் வரலாற்றையும் சிறிது அறிந்து செல்லுதல் நலமாம். நம் வழிபாட்டின் தொன்மைக்குச் சான்று அங்கே கிடக்கின்றது.

இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தவை. ஏலகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமும் 14 சிற்றூர்களும் உடையது. 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் புங்கனூர் ஏரியைக் காணலாம். மலைச்சரிவில் உள்ள ஜலகாம்பாறை அருவி மழைக்காலத்தில் பொலிவுறும். அதனருகே முருகப்பெருமான் கோயில் கொண்டுள்ளார். சவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது, செய்யாறு பிறக்குமிடம், சந்தனத்துக்குப் பெயர் பெற்றது. அம்மலையிலுள்ள காவலூரில் 1968-ல் வானாய்வுப் பணி தொடங்கியது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென 1977-ல் கண்டறிந்த நிலையங்களுள் அதுவும் ஒன்றாகும்.

இம்மலைகளில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் பல கிடைத்துள்ளன. இரும்பை அறியாத புதிய கற்காலத்து மக்கள் கையாண்ட கருவிகள் அவை. மூவாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை. மலையாளிகள் என வழங்கப்பெறும் மலைவாழ் மக்கள் அவற்றை மரத்தடியில் சேர்த்துவைத்துப் பிள்ளையாராக வழிபடுகின்றனர். ஆராய்ச்சியாளர் கருவி என்று கூறும் கல், அவர்கட்குக் கடவுளாகும். அவ்வழிபாடே அக்கற்கள் சிதறாதபடி காத்து, ஆராய்வார் கைக்கு அளித்தது என்பதை நாம் மறத்தலாகாது.

சவ்வாது மலையின் தென்புறத்தே செங்கம் உள்ளது. சங்க நூலாகிய மலைபடுகடாம் அந்நாட்டுத் தலைவன் நன்னனைப் பாடுவது. நவிரமலையில் எழுந்தருளிய நஞ்சுண்ட பெருமானையும் அந்நூல் கூறுகின்றது. நவிரம் இன்றைய பருவதமலையே என்பது அறிஞர் கருத்து. செங்கம் பகுதியில் ஆநிரை காத்து உயிர்நீத்த வீரர்களின் நடுகற்கள் மிகுதி. அவற்றின் எழுத்துகள் 1972-ல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையால் நூலாக வெளியிடப்பெற்றன. எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல் மகேந்திரவர்மன் காலத்தது. கள்வரைக் கடித்து, தலைவனை விட்டு நீங்காது நின்ற நாயின் செய்தியை அதில் படிக்கின்றோம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் நன்றியுணர்வு மறையாதிருப்பது அக்கல்லினாலன்றோ!

திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. 2019-ல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிய காலமெல்லாம் கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு இன்று வரும் ஊறு பகைவரால் வருவதன்று. பல இடங்களில் பக்தியினாலேயே வருகின்றது. பழங்கல்லைப் பெயர்த்துப் பளிங்குத்தளம் பாவுதலும், எழுத்துள்ள சுவரின்மேல் வண்ணம் பூசுதலும், மணலை விசையோடு பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தலும் திருப்பணி என்றே கருதப்படுகின்றன. அதனால் அழியும் எழுத்துகளில், முன்னாளில் விளக்கெரிக்க ஆடு அளித்தவர் பெயரும் அமுதுபடிக்கு நிலம் விட்டவர் பெயரும் இருத்தல் கூடும். அவர்களும் நம்மைப் போன்ற உபயகாரர்களே. அவர்தம் அறத்தை மறைத்துவிட்டு நம் பெயரை எழுதுதல் சிவபுண்ணியம் ஆகாது.

ஆகவே திருப்பணிக்குப் பொருளுதவும் செல்வர்கட்கு ஒரு விண்ணப்பம். வேலை தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்க. வயலிலோ வழியிலோ நடுகல் காணின், அதனைத் துவைகல்லாக விடாது நிறுத்திப் பூவிடுக. மலைமக்கள் மரத்தடியில் செய்துவரும் அத்தொண்டினைக் கற்றறிந்த நாமும் செய்வோமாயின், இன்று நிகழும் திருக்குடமுழுக்கு முன்னோர்க்கும் உவப்பாகும். திருவருள் யாவர்க்கும் துணைநிற்பதாக.