கூடாரத்துக்கு ஒரு கும்பிடு

ராத்திரி இரண்டு மணி. நல்ல தூக்கம். மூக்கின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

கூடாரத்தில் படுத்து எழுந்தவர்களுக்கு இந்த ஒரு சொட்டின் அர்த்தம் தெரியும். நான் பி.காம். இரண்டாம் வருஷம் படித்தபோது என்.சி.சி. கேம்ப்பில் தெரிந்துகொண்டேன். 'மழை பெய்தால் துணியைத் தொடாதீர்கள்' என்று ஹவில்தார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நனைந்த கேன்வாஸை உள்ளே இருந்து விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் சொட்ட ஆரம்பிக்கும். தொடாதே என்றால் தொட்டுப் பார்ப்பதுதானே மனித சுபாவம்? எட்டுப் பேர் கூடாரம். பதினாறு கைகள். விடிவதற்குள் உள்ளே ஒரு சின்னக் குளம்.

நாங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டோம். 1929ஆம் வருஷம் அமெரிக்காவில் இதேபோல நனைந்த ஒரு மனிதர் அப்படி விடவில்லை.

அவர் பெயர் ஆர்தர் ஷெர்மன். மிச்சிகன் மாநிலத்துக்காரர். கிருமிகளைப் பற்றிப் படித்தவர், ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். தச்சு வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது புதிதாக ஒரு கூடார டிரெய்லர் வாங்கினார். அதாவது, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டி. போன இடத்தில் பிரித்து விரித்தால் கூடாரம். 'சில நிமிஷங்களில் ரெடி' என்று சொல்லித்தான் விற்றார்கள்.

மழை வந்தது. ஷெர்மன் கம்பியோடும் துணியோடும் மல்லுக்கட்டினார். சில நிமிஷங்கள் போய்விட்டன. இன்னும் பல நிமிஷங்களும் போய்விட்டன. குடும்பமே தொப்பலாக நனைந்து முடித்தபிறகும் கூடாரம் நின்றபாடில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு தச்சரைப் பிடித்தார். தன் கையால் வரைந்த படத்தைக் கொடுத்தார். ஆறடி அகலம், ஒன்பதடி நீளம், காரின் உயரத்தைத் தாண்டாத ஒரு கெட்டியான பெட்டி. மடக்க வேண்டாம், விரிக்க வேண்டாம். பக்கத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். உள்ளே நடுவில் ஒடுக்கமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் அலமாரி, அடுப்பு, ஐஸ் பெட்டி, உட்கார இடம். அவ்வளவுதான். ஷெர்மன் வீட்டுப் பிள்ளைகள் அதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் மேற்கே குடியேறப் போனவர்கள் துணிக்கூரை போட்டு ஓட்டிய மாட்டு வண்டி, குதிரை வண்டிகளின் பெயர் அது. இந்த வண்டியில் இல்லாத ஒரே சமாசாரம் அந்தத் துணிதான். பிள்ளைகள் குறும்பாக வைத்தார்களோ என்னவோ!

கேரவன் என்றதும் உங்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் ஏ.சி. வண்டி ஞாபகம் வரலாம். இது அதல்ல. இதற்கு எஞ்சின் கிடையாது. உங்கள் காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு. போன இடத்தில் வீட்டைக் கழற்றி நிறுத்திவிட்டு, பால் வாங்கக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இந்த யோசனை ஷெர்மனுக்கு முன்பே இருந்ததுதான். இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்கிற ஓய்வுபெற்ற கடற்படை டாக்டர் 1885லேயே குதிரைகள் இழுக்கும் சொகுசு வண்டி ஒன்றைச் செய்யச் சொல்லி ஊர் சுற்றினார். ஆனால், அது பணக்காரப் பொழுதுபோக்கு. பணக்காரர்களுக்குக் கூடாரமும் சுகம்தான். ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து 1924 வரை பலமுறை கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். கூடவே சமையல்காரர்கள், சமையலுக்குத் தனி வண்டி, எடிசன் பேட்டரியில் எரியும் விளக்கு. கூடாரத்தை வேறு யாரோ கட்டி, வேறு யாரோ அவிழ்த்தால் எனக்குக்கூட அது பிடிக்கும்.

சாதாரண ஜனங்களின் கதை வேறு. ஃபோர்டின் 'மாடல் டி' கார் 1925ல் 260 டாலருக்கு வந்துவிட்டது. கார் வாங்கியவர்கள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். ஹோட்டலுக்குக் காசில்லை. ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 1919லேயே இவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். பெயர், தகர டப்பா டூரிஸ்டுகள். கார் ரேடியேட்டர் மூடியின்மேல் ஒரு தகர டப்பா ஒட்டியிருந்தால் நம்ம ஆள் என்று அடையாளம். எல்லோரும் கூடாரக்காரர்கள். எல்லோரும் நனைந்தவர்கள்.

ஷெர்மன் தன் பெட்டியை அடுத்த விடுமுறைக்கு இழுத்துக்கொண்டு போனபோது இந்தக் கூட்டம்தான் கதவைத் தட்டியது. உள்ளே பார்க்கலாமா? எங்கே வாங்கினீர்கள்? எங்களுக்கும் ஒன்று கிடைக்குமா?

1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதைக் கொண்டுபோய் வைத்தார். விலை 400 டாலர். தேதியைக் கவனியுங்கள். மூன்று மாசம் முன்னால்தான் நியூயார்க் பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்திருந்தது. காமர்ஸ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, மந்தநிலை வரும்போது ஜனங்கள் முதலில் நிறுத்துவது உல்லாசச் செலவை. ஷெர்மன் அந்த வகுப்புக்குப் போகவில்லை போலிருக்கிறது. அந்த வருஷமே 118 வண்டிகள் விற்றார். 1936ல் அவருடைய கம்பெனி சுமார் 6000 வண்டிகள் செய்து தள்ளியது. வருமானம் 30 லட்சம் டாலர். அந்தத் தொழிலிலேயே அதுதான் பெரிய கம்பெனி.

எப்படி விற்றது? உல்லாசத்துக்கு வாங்கியவர்கள் ஒரு பக்கம். வீடு போய், வேலை போய், எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே இழுத்துக்கொண்டு போகலாம் என்று வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். கடனில் வாங்கிய வீடு பறிபோகும். நானூறு டாலர் பெட்டியை யார் பறிப்பார்கள்?

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அது வீடா, வண்டியா? வீடு என்றால் சொத்து வரி கட்டு. வண்டி என்றால் கிளம்பு. 'இவர்கள் நயா பைசா வரி கட்டுவதில்லை. பிள்ளைகளை மட்டும் நம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள்' என்று ஊர்க்காரர்கள் குமுறினார்கள். இத்தனை நாளுக்குமேல் நிறுத்தக்கூடாது என்று பல ஊர்களில் சட்டம் போட்டார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பத்துக்கும் பிழைக்க வந்த குடும்பத்துக்கும் ஒரே பெட்டி, ஒரே கொக்கி. போலீஸ்காரர் கதவைத் தட்டினால் எப்படி வித்தியாசம் தெரியும்?

1929 சரிவை முன்கூட்டியே சொல்லிப் பேர் வாங்கிய ரோஜர் பாப்ஸன் என்கிற பொருளாதார ஜோசியர் முப்பதுகளின் நடுவில் இன்னொரு ஜோசியம் சொன்னார். இருபது வருஷத்தில் அமெரிக்காவின் பாதி ஜனத்தொகை டிரெய்லரில்தான் குடியிருக்கும் என்றார். பலிக்கவில்லை. 1937க்குப் பிறகு சந்தை படுத்தது. ஷெர்மனின் கம்பெனி இன்று இல்லை.

இன்னொரு கம்பெனி இருக்கிறது. அதன் கதைக்கு வாலி வரவேண்டும். நம் கவிஞர் இல்லை. இவர் வாலி பையம், கலிஃபோர்னியாவில் விளம்பரம், பத்திரிகை என்று தொழில் செய்தவர். சின்ன வயசில் ஆடு மேய்த்து, வண்டியில் தங்கிப் பழகியவர். அவருக்கு வெட்டவெளி பிடிக்கும். மனைவி மேரியனுக்குப் பிடிக்காது. தரையில் படுக்கவும் அடுப்பில்லாமல் சமைக்கவும் தன்னால் முடியாது என்று அந்தம்மா சொல்லிவிட்டார்.

பையம் முதலில் மாடல் டி காரின் அடிச்சட்டத்தில் ஒரு கூடாரத்தைப் பொருத்தினார். மழையில் அதைக் கட்டுவதற்குள் உயிர் போயிற்று. கூடாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கெட்டியான கூரை போட்டார். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தார். பிறகுதான் அவருக்கு அந்த முக்கியமான யோசனை வந்தது. தளத்தைச் சக்கரங்களுக்கு நடுவே கீழே இறக்கினார். கூரையை மேலே ஏற்றினார். உள்ளே மனுஷர் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். குனிந்துகொண்டே பேன்ட் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வரைபடத்தைத் தபாலில் விற்றார். அப்புறம் வண்டியையே விற்றார். அதுதான் ஏர்ஸ்ட்ரீம். 1936ல் வந்த அவருடைய 'கிளிப்பர்' விமானத்தைப்போல அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்தது. சும்மா விமானத்தைப்போல என்று சொல்லவில்லை. சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி பௌலஸ் என்பவர் 1934ல் செய்த டிரெய்லர்தான் அதற்கு முன்மாதிரி. விலை 1200 டாலர். ஷெர்மன் விலையைப்போல மூன்று மடங்கு! முப்பதுகளில் டிரெய்லர் செய்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அநேகமாக எல்லோரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். உலகப்போரில் அலுமினியம் ராணுவத்துக்குப் போனதால் கடையை மூடிய ஏர்ஸ்ட்ரீம், போர் முடிந்தபிறகு திறந்தது. இன்றும் ஓடுகிறது. மலிவாக விற்றவர் போனார், விலை ஏற்றி விற்றவர் நின்றார். இதையும் எங்கள் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

பையம் பிறகு ஒரு ஊர்வலக்காரராகவே ஆகிவிட்டார். 1959ல் 41 டிரெய்லர்களைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ வரை இழுத்துப்போக வைத்தார். 1962ல் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய சங்கத்தார் சிங்கப்பூரில் கிளம்பி, நம் இந்தியா வழியாகவும் வந்து, போர்ச்சுகல் வரை போனார்கள். 1969 ஜூலையில் நிலாவிலிருந்து திரும்பிய ஆர்ம்ஸ்ட்ராங்கையும் மற்ற இருவரையும் நிலாக்கிருமி பயத்தில் அடைத்து வைத்தது சக்கரம் கழற்றிய ஓர் ஏர்ஸ்ட்ரீமில்தான். ஜனாதிபதி நிக்ஸன் அதன் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினார்.

பெருமையெல்லாம் சரி. ஐம்பதுகளில் டிரெய்லர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிற ரகம் பத்தடி அகலமாகி நிஜ வீடானது. ஓடுகிற ரகமும் வருஷா வருஷம் ஊதிப் பெருத்தது. சின்னக் கார் வைத்திருக்கும் கூடாரக்காரன் என்ன செய்வான்?

அவனுக்குக் கிடைத்தவர் ரே ஒலெக்கோ. கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர். அவர் அதற்குமுன் செய்த சாதனை, ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க். சிரிக்காதீர்கள். கனமான செப்டிக் டேங்க்கை லேசாக்கியவருக்கு, குடும்பம் தூங்குகிற பெட்டியையும் அப்படியே லேசாக்கலாமே என்று தோன்றியது. கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டியைக் கவிழ்த்து வைத்து நடுவில் ஒட்டு. சாண்டர் டூசா என்பவரோடு சேர்ந்து 1968ல் செய்துவிட்டார். பதின்மூன்று அடி நீளம். கிட்டத்தட்ட 400 கிலோதான். பார்க்க வெள்ளைக்காரத் தொப்பிபோல இருந்ததால் அந்தத் தொப்பியின் பெயரை வைத்தே 'போலர்' என்று அழைத்தார்கள்.

மற்ற டிரெய்லர்கள் மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்தவை. ஏகப்பட்ட இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் ஒரு நாள் ஒழுகும். ஒழுகினால் உள்ளே மரம் சத்தமில்லாமல் மக்கும். முட்டை ஓட்டில் அந்த வியாதி ரொம்பக் குறைவு. ஒழுகினால் ஜன்னல் ஓரத்தில், கூரைக் காற்றுத்துளையில். எந்த மழைக்குப் பயந்து கூடாரத்தை விட்டார்களோ அந்த மழையை ஜெயித்தது செப்டிக் டேங்க் மூளைதான் என்பது என் தீர்ப்பு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து பேக்கஸ் என்கிற சிற்றூரில் 'ஸ்கேம்ப்' என்ற பெயரில் எழுபதுகளிலிருந்து இதே ஜாதி வண்டியைச் செய்கிறார்கள். சாமான்களைப் பொறுத்து 550லிருந்து 700 கிலோ வரை.

அங்கே இன்றும் முதுகுவலி வந்தபிறகு கூடாரத்தை விட்டு இதற்கு மாறுகிறவர்கள் நிறைய. அவர்கள் வாங்கப் போனால் நிறத்தைப் பார்ப்பதில்லை. கார் எத்தனை கிலோ இழுக்கும் என்று கையேட்டைப் புரட்டுகிறார்கள். அதில் போட்டிருக்கிற கடைசிக் கிலோ வரை போகாமல் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். தண்ணீரும் பாத்திரமும் ஏறினால் எடை ஏறுமே! மொத்தப் பாரத்தில் பத்து சதவிகிதமாவது கொக்கிமேல் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும், காரையும் சேர்த்து ஆட்டும். பழைய வண்டி என்றால் மூலைகளில் தரையோரமாக விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் போச்சு, வந்த வழியே திரும்பலாம். இதையெல்லாம் பார்த்தபிறகு கணவனும் மனைவியும் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துப் பார்க்கவேண்டும். சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அதுதான் கட்டில். அர்த்தராத்திரியில் பாத்ரூம் போக ஒருவர் இன்னொருவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கும். யார் யாரைத் தாண்டுவது என்பதைக் கடையிலேயே பேசி முடிப்பது நல்லது.

தேய்மானக் கணக்கு ஒன்று பாக்கி. வண்டி என்றால் வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் கழித்துக்கொண்டே வா என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி 1968 போலரின் மதிப்பு எப்போதோ பூஜ்யம். ஆனால், 2018ல் அதன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் வின்னிபெக்குக்கு உருண்டு வந்தன. பலதில் உரிமையாளரைவிட வண்டிக்கு வயசு அதிகம்.