காட்டில் நடந்ததற்கு யார் சாட்சி? உலுருவும் வாச்சாத்தியும்

ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் உலுரு பாறையருகே ஒரு தாய். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் ஓர் ஊரின் பெண்கள். இரு தரப்பின் மீதும் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டது. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே கேள்வி எழுகிறது: ஊர்க்கண் படாத இடத்தில் நடந்ததற்கு யாருடைய சொல் சாட்சியாகிறது?

1980 ஆகஸ்ட் 17 இரவு, லிண்டி சேம்பர்லேனின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா கூடாரத்திலிருந்து காணாமல் போனாள். டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிப் போய்விட்டதென்று தாய் கதறினார். மணலில் தடம் பார்த்த பூர்வகுடிகளும் அதையே சொன்னார்கள். 1981இல் முதல் விசாரணை அவர்களை நம்பியது. பிறகு நகரத்து ஆய்வகம், காருக்குள் குழந்தையின் ரத்தம் தெறித்திருப்பதாகச் சொன்னது. 1982 அக்டோபர் 29 அன்று லிண்டிக்கு ஆயுள் தண்டனை. ரத்தத் தெறிப்பென்று காட்டப்பட்டது, கார் தயாரிப்பில் இரைச்சலைக் குறைக்கத் தெளித்த கலவை என்று பின்னர் தெரிந்தது.

வாச்சாத்தியில் ஆய்வகமே தேவைப்படவில்லை. சந்தனக்கட்டை பதுக்கினார்கள் என்ற புகாரே போதுமானதாக இருந்தது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள்.

நம்ப மறுத்த விதத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. லிண்டி தொலைக்காட்சியில் போதுமான அளவு அழவில்லை என்று நாடே அவரைச் சந்தேகித்தது. வாச்சாத்திப் பெண்கள் அழுதது எந்தத் தொலைக்காட்சியிலும் வரவில்லை. மலைவாழ் மக்கள் என்பதாலேயே, சீருடை அணிந்தவரின் சொல்லுக்கு முன் அவர்கள் சொல் எடுபடவில்லை.

விடுதலை வந்த வழியும் வேறு. 1986 பிப்ரவரியில் டிங்கோக்கள் திரியும் பகுதியில் அசாரியாவின் மேல்சட்டை தற்செயலாகக் கிடைத்தது. சில நாட்களில் லிண்டி வெளியே வந்தார். 1988இல் தண்டனை ரத்தானது. வாச்சாத்திக்கு அப்படியொரு தற்செயல் வாய்க்கவில்லை. பெண்கள் தாங்களே பேசினார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நின்றன. உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. விசாரணைக் காலத்தில் 54 பேர் இறந்துவிட, 2011 செப்டம்பர் 29 அன்று மீதி 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. உலுருவில் ஒரு பெண்ணின் பழி நீங்கியது. வாச்சாத்தியிலோ பழி சுமத்தியவர்களே தண்டனை பெற்றார்கள். இந்த வழக்கை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

இரண்டுக்கும் பொதுவானது தாமதம். குழந்தையைக் கொன்றது டிங்கோவே என்று 2012இல் மரண விசாரணை அலுவலர் அறிவிக்க 32 ஆண்டுகள் ஆயின. வாச்சாத்தித் தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தபோது, கொடுமை நடந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். நிலத்தைக் கண்ணால் கண்டு, அங்கு வாழ்பவர் வாயால் கேட்ட பிறகே தீர்ப்பெழுதினார்.

இது செங்கல்பட்டுக்கும் வேண்டிய பாடம். தடம் பார்த்தே பாம்பைக் கண்டுபிடிக்கும் இருளர்கள் நம் மாவட்டத்தவர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கம் நஞ்சுமுறி மருந்துக்கு நஞ்சு தருகிறது. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுடைய அறிவை நம்பி உயிர் பிழைக்கும் நாம், அந்தச் சமூகத்துப் பெண்ணொருத்தி காவல் நிலையத்தில் வந்து சொல்வதையும் அதே நம்பிக்கையோடு கேட்டு, அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் வாக்குமூலம் மதிக்கப்பட்டால், முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.